மஞ்சச்சட்டையும் சமையல்காரரும்

ஜூன் 9, ஞாயிறு

சாயங்காலம் அக்சாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார் ஜெயசீலன். வண்டியை விட்டு இறங்கவில்லை. நானும் வாசலுக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளை அப்பா வீட்டுக்குப் போவாள், ஞாயிறு மாலையில் திரும்பி வருவாள். விவாகரத்து ஆனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. பாளையங்கோட்டைக்குள்ளேயே இரண்டு வீடும் இருப்பதால் சிரமம் இல்லை.

ஏப்ரலில் அந்த வீட்டுக்கு லில்லி கல்யாணமாகி வந்த பிறகு பிள்ளையின் பின்னல் மாறிவிட்டது. நான் இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறேன், ஒற்றைப் பின்னலோடு திரும்பி வருகிறாள். ஒற்றைப் பின்னல் அவள் முகத்துக்கு எடுபடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பெரிய மனுஷி மாதிரித் தெரிகிறாள்.

சாப்பிடும்போது மூன்று விரலை உதட்டில் தட்டினாள்.

"என்னட்டி அது?"

"தண்ணின்னு அர்த்தம். லில்லிம்மா சொல்லிக் குடுத்தாங்க."

லில்லி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். போன வாரம் வரைக்கும் 'லில்லி ஆன்ட்டி'. இந்த வாரம் 'லில்லிம்மா'.

"வாயத் தொறந்து கேட்டாப் போதும்" என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினேன்.

அப்புறம் ஒரு கதை சொன்னாள். அந்த வீட்டுப் பரணில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி கிடைத்ததாம். அப்பா வயரை மாற்றி டி.வி.யில் போட்டுக் கொடுத்தாராம். கேசட்டில் இருப்பது ஜப்பானிய எழுத்து, யாருக்கும் படிக்க வராது. கதாநாயகன் மஞ்சள் சட்டை போட்டிருப்பதால் அவனை மஞ்சச்சட்டை என்று கூப்பிட வேண்டும் என்று அப்பாதான் சொன்னாராம். "அவன் தங்கச்சிய ஒரு கோட்டைக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்கம்மா. அவன் காப்பாத்தப் போறான்."

என்ன விளையாட்டு அது? கத்தியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். எதிரே வருகிறவனையெல்லாம் குத்துகிறான். தூங்குகிற காவல்காரனைக்கூட விடுவதில்லை. மூன்றாவது லெவலில் ஒரு சமையல்காரன் பானையைத் தூக்கிக்கொண்டு அவன்பாட்டுக்கு வருவான். அவனைக் குத்தினால் மற்ற எல்லோரையும்விட அதிக பாயிண்ட். குத்தி முடித்ததும் ஒரு துள்ளல், ஒரு சங்கீதம். இதையா பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவது?

அக்சா இன்னும் இரண்டாவது லெவலைத் தாண்டவில்லை என்றாள். அதுவரைக்கும் நல்லது.

ஜூன் 11, செவ்வாய்

லேபில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்து விரல் மரத்துவிட்டது. வீட்டில் மோட்டார் ஓடவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஜெயசீலனுக்கு போன் போட்டேன். பிள்ளை விஷயம் என்றால் மட்டும் பேசுவது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. இது பிள்ளை விஷயம்தான்.

"கொலை செய்யுறவன கதாநாயகன்னு காட்டுதீங்க. அவன் யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேக்கானா? என் தங்கச்சிய விடுங்கன்னு ஒரு தடவையாவது கேக்கானா? நேராக் கத்திதான்."

"ஏ ஹெப்சி, அது பொம்மை விளையாட்டு. கையகலம் கூட இல்லாத பொம்மை."

"பிள்ள மனசுல அது பொம்மையா பதியாது."

 அவர் சிரித்தார். "நீ ஆடாத ஆட்டமா? ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அதற்கு மேலும் என்னென்னவோ சொன்னார். அதெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை.

மோட்டாருக்குப் புது கண்டென்சர் போட்டாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

கோயில் விட்டு வந்து துணி துவைத்தேன். அக்சாவின் யூனிபார்மில் மருதாணிக் கறை. நான் வைத்துவிட்ட மருதாணி இல்லை.

அவள் வந்ததும் நேராக அடுக்களைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். முன்பெல்லாம் வந்தவுடன் இப்படித்தான் நிற்பாள். கொஞ்ச நாளாக அது இல்லை. அதனால் மனதுக்கு இதமாக இருந்தது.

"அம்மா, மூணாவது லெவல்ல ஒரு சமையல்காரர் வாராரு. அவரு மஞ்சச்சட்டைய என்ன செஞ்சாரு? பானையதான தூக்கிட்டு வாராரு. அவர எதுக்குக் குத்தணும்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதைத்தானே நான் வியாழக்கிழமை அவள் அப்பாவிடம் சொன்னேன். என் பிள்ளை, என் புத்தி. கையைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைப் பிடித்து, "அப்படிக் கேளு மக்கா. இது ஒனக்காத் தோணிச்சா?" என்றேன்.

"லில்லிம்மா கேட்டாங்க. எனக்கும் அதுக்கப்புறம்தான் தோணிச்சு."

கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்துவிடும் போலிருந்தது.

"தங்கச்சி உள்ள கெடக்காள்லா. ஒருத்தன விட்டா அவன் போயி மத்தவன எழுப்பி விட்டுருவான். அதான் குத்துதான். அண்ணன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

"நீதான அவன் கொலைகாரன்னு அப்பாகிட்ட சொன்ன?"

"போயி கைகால் கழுவு."

ஒற்றைப் பின்னலை அவிழ்த்து இரட்டையாகப் போட்டுவிட்டேன். வலிக்கிறது என்றாள். நான் ஒன்றும் இழுக்கவில்லை.

ஜூன் 22, சனி

பிள்ளை குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். லேப் முடிந்ததும் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டியில் போனேன். நான் ஒன்பது வருஷம் குடியிருந்த வீடு, வழி கேட்க வேண்டியதில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே கூடத்து ஜன்னல் தெரியும்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜாய்ஸ்டிக் லில்லியின் கையில் இருந்தது. என் பிள்ளை அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். என் தோளில் சாய்ந்தால் எலும்பு குத்துகிறது என்பாள். டி.வி.யில் மஞ்சச்சட்டை அசையாமல் நின்றான். லில்லிக்கு ஆடத் தெரியாது போல, சும்மா நிறுத்தி வைத்திருந்தாள். அந்த இடத்தில் ஓடி வந்து, துள்ளி, கீழ்ப் பொத்தானை அழுத்தியபடியே குத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாத பிள்ளைகள் கைதட்டுவது அப்படித்தானாம்.

கூப்பிடவில்லை. குடையோடு திரும்பி வந்துவிட்டேன். மழை வருகிற மாதிரியும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

வக்கீலைப் பார்த்தேன். பிள்ளையை இரவு அங்கே தங்கவிடக் கூடாது, பகலில் இரண்டு மணி நேரம் அப்பா பார்த்தால் போதும் என்று மனு. காரணம் கேட்டார். வன்முறை விளையாட்டைப் பற்றி விவரமாகச் சொன்னேன். தூங்குகிறவனைக் குத்துவதையும் சொன்னேன். வக்கீலுக்கே முகம் சுருங்கியது.

"அந்த கேம யாரு வாங்கிக் குடுத்தது?"

"அந்த வீட்டுலதான் இருந்துச்சு" என்றேன். அது உண்மை.

அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'தந்தையின் இரண்டாம் மனைவி வன்முறை நிறைந்த விளையாட்டுச் சாதனத்தை வாங்கி வைத்துக் குழந்தையைப் பழக்கி வருகிறார்.' வாங்கி வைத்து என்ற இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இது பிள்ளையின் நல்லதற்கு.

ஜூலை 3, புதன்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெயசீலன் லேபுக்கே வந்துவிட்டார். பேட்டரிக் கடையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் ஆசிட் பட்ட ஓட்டை. நான் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போகும்வரை நின்றார்.

"அது யாரு பொட்டி ஹெப்சி?"

"ஆளுங்க காத்துட்டு இருக்காங்க."

"யாரு பொட்டின்னு கேக்கேன். லில்லி வாங்கி வச்சாளாம்லா? அவளுக்கு அத எங்க சொருகணும்னுகூடத் தெரியாது. நாந்தான் பரணுலருந்து எடுத்தேன். ஒம் பிள்ளைக்கு ஒன்னோட சாமான் ஒண்ணு இங்க இருக்கட்டுமேன்னு எடுத்தேன்."

"அடுத்த ஆள வரச் சொல்லு" என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் போய்விட்டார்.

சரி, எழுதி வைக்கிறேன். பெட்டி என்னுடையதுதான். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் தெருவிலேயே அதை முடித்தவள் நான் ஒருத்திதான். பெரிய பையன்கள் வரிசையில் நின்று நான் ஆடுவதைப் பார்ப்பார்கள். மஞ்சச்சட்டை என்று பேர் வைத்ததும் நான்தான். கல்யாணமாகி வரும்போது பீரோ, கட்டிலோடு அதையும் ஏற்றினேன், எல்லோரும் சிரித்தார்கள். முதல் வருஷம் ஜெயசீலனுக்கு ஆடிக் காட்டினேன். பிறகு அது பரணுக்குப் போனது. அந்த வீட்டை விட்டு வரும்போது எடுக்கத் தோன்றவில்லை.

எடுக்க மறந்தது என் தப்பாகவே இருக்கட்டும். மறந்து விட்டுவந்த பொருள் அதற்காக அடுத்தவளுடையது ஆகிவிடாது. பிள்ளையும் அப்படித்தான்.

ஜூலை 6, சனி

அக்சாவை அனுப்பவில்லை. காய்ச்சல் என்று ஜெயசீலனுக்குச் செய்தி அனுப்பினேன். தொட்டால் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

சிக்கன் பொரித்தேன். சாப்பிட்டாள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எது கேட்டாலும் கையால் பதில் சொன்னாள். ஒரு சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டினாள், மார்பில் கையை வைத்து வெளியே இழுத்து.

"அதுக்கு என்னட்டி அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல." இன்றைக்கு அவள் வாயால் பேசியது அது ஒன்றுதான்.

லேப் நர்ஸின் அண்ணன் பிள்ளையும் லில்லியின் பள்ளியில்தான் படிக்கிறான். திங்கட்கிழமை அவளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம். எனக்கு எதற்கு அது.

ஜூலை 12, வெள்ளி

லேபிலிருந்து வந்தால் வாசலில் லில்லி நிற்கிறாள். கையில் துணிப்பை. இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என்னைவிடக் குள்ளம். நிறமும் மட்டு. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமலே பிள்ளை அவளிடம் ஒட்டிக்கொண்டாள் என்று நினைத்தபோது அந்த ஆறுதலும் போய்விட்டது.

"அக்கா, இது ஒங்க பொருள். நீங்களே வச்சுக்கிடுங்க. பிள்ளைய மட்டும் அனுப்புங்க. ரெண்டு வாரமா அவங்க அப்பா சரியாச் சாப்பிடல."

"அவரு சாப்பிடாததுக்கு நான் என்ன செய்ய?"

"நானும்தான் சாப்பிடல" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.

"எடது பக்கப் பொத்தான் ஒட்டிக்கிட்டே இருந்துச்சுக்கா. கழத்திச் சுத்தம் பண்ணிட்டேன். இப்ப நல்லா வேல செய்யுது."

அந்தப் பொத்தான் என் சின்ன வயதிலிருந்தே ஒட்டும். எவ்வளவு அழுத்தினால் ஒட்டாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சரி செய்யும்படி யார் இவளிடம் கேட்டார்கள்?

ஜூலை 13, சனி

இன்றும் பிள்ளையை அனுப்பவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியை எடுத்து டி.வி.யில் மாட்டினேன். அக்சாவின் கண் விரிந்தது.

"ஒனக்கு மாட்டத் தெரியுமா?"

"ஒங்கம்மாவ என்னன்னு நெனச்ச?"

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடினேன். விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முதல் லெவல், இரண்டாவது லெவல், மூச்சு விடும் நேரத்தில் முடித்தேன். ஒரு ஆளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இதைப் பார்த்த பிறகு அந்த லில்லியின் ஆட்டம் இவளுக்கு எப்படித் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் சமையல்காரன் வந்தான். ஓடி, துள்ளி, குத்தினேன். பாயிண்ட் மளமளவென்று ஏறியது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

அக்சா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.

"ஏம்மா கொன்ன? நின்னாப் போதும். நின்னா அவரே போயிருவாரு."

"எங்க போவான்?"

ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தூங்குகிற காவல்காரனை மெல்ல நடந்து கடந்தாள். கேசட்டில் மெல்ல நடக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது, பொத்தானைப் பாதி அழுத்த வேண்டுமாம். விளக்குப் பிடித்தவன் வந்தபோது தூணுக்குப் பின்னால் நின்றாள். சமையல்காரன் வந்ததும் மஞ்சச்சட்டையை நிறுத்தினாள். ஜாய்ஸ்டிக்கைத் தரையிலேயே வைத்துவிட்டாள். சமையல்காரனும் நின்றான். கொஞ்ச நேரம் இரண்டு பொம்மையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு அவன் பானையைக் கீழே வைத்தான், வந்த வழியே திரும்பிப் போனான். பானைக்குள் ஒரு சாவி இருந்தது.

எத்தனை வருஷம் ஆடியிருப்பேன். அந்தச் சாவியை நான் பார்த்ததே இல்லை.

"நாங்க ஒருத்தரயும் கொல்லலம்மா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வழி இருக்கு. நானும் லில்லிம்மாவும் தேடித் தேடிக் கண்டுபிடிச்சோம். கடைசிக் கதவுல நிக்காருல்லா ஈட்டிக்காரரு, அவருக்கு மட்டும்தான் இன்னும் வழி கெடைக்கல."

நல்ல விஷயம்தான் என்று சொன்னேன். துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டேன்.

என் பெட்டியில், நான் பேர் வைத்தவனுக்குள், எனக்குத் தெரியாத ஒரு மனிதனை லில்லி கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் ஆடத் தெரியாதவள்.

ஜூலை 18, வியாழன்

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர் அம்மாவின் அறை. அக்சா பள்ளிக்கூடத்தில். அவளிடம் அடுத்த தடவை பேசிக்கொள்கிறேன் என்றார். மனுவை வாசித்துவிட்டு லில்லியைப் பார்த்தார்.

"இந்த விளையாட்ட நீங்கதான் வாங்கி வச்சீங்களா?"

 ஜெயசீலன் வாயைத் திறந்தார். லில்லி அவரைப் பார்த்து மேஜைக்குக் கீழே கையால் ஒரு சைகை காட்டினாள். அதற்கு அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வீட்டுல இருந்துச்சு மேடம். நாந்தான் பிள்ளகூட ஒக்காந்து ஆடினேன்."

"கொலை செய்யுற விளையாட்டா?"

"ஆமா மேடம், அப்படியும் ஆடலாம்."

அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று அவள் சொல்லவில்லை. ஆலோசகர் எழுதிக்கொண்டார். அடுத்த விசாரணை வரைக்கும் பிள்ளை அங்கே தங்க வேண்டாம், அடுத்த வாரத்திலிருந்து பகலில் போய் வரட்டும் என்றார். நான் கேட்டது ஏறக்குறையக் கிடைத்துவிட்டது.

வராந்தாவில் ஜெயசீலன் வண்டி எடுக்கப் போனதும் அவளைப் பிடித்துக் கேட்டேன். "பொட்டி யாருதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு கோர்ட்டுப் பேப்பர்ல எழுதிருவாங்கக்கா. பிள்ள வளந்து என்னைக்காவது அதப் படிச்சுச்சுன்னா?"

"எனக்காகவா சொல்லாம இருந்த?"

"ஒங்களுக்காக இல்ல. எனக்கு ஒங்க மேல கோவம்தான். நல்லாவே கோவம்." கண் கலங்கியிருந்தது. "அவளுக்காக."

அவள் என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

பள்ளி விட்டு வந்ததும் அக்சா பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "யாரும்மா ஜெயிச்சா?"

"இதுல என்ன ஜெயிக்கது, தோக்கது."

"நீதான?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை, தலைவலி. அக்சா என் சித்தி மகளோடு போனாள். அவள் வரும்வரை அந்த ஈட்டிக்காரனோடு மல்லுக்கட்டினேன். நின்று பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன். பின்வாங்கினேன். சாவியை அவன் முன்னால் போட்டேன். தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன். எது செய்தாலும் ஈட்டி வருகிறது, மஞ்சச்சட்டை விழுகிறான்.

லில்லிக்கு முன்னால் நான் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருந்தது. 'எங்கம்மா கண்டுபிடிச்சிட்டா' என்று பிள்ளை போய் அங்கே சொல்ல வேண்டும்.

வழி இல்லை. கேசட்டைச் செய்தவன் அந்த இடத்தில் வேறு வழி வைக்கவில்லை. அங்கே வரைக்கும் யார் ரத்தத்தையும் சிந்தாமல் வந்தவனையும் கடைசியில் கொல்ல வைத்துத்தான் கதவைத் திறக்கிறான். சின்ன வயதில் அவனைக் குத்தியதும் கதவு திறந்தபோது நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அவன் யார், எதற்கு அங்கே நிற்கிறான் என்று ஒரு தரமும் நினைத்ததில்லை. அவனுக்கும் யாரோ அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

பிள்ளை வருவதற்குள் டி.வி.யை அணைத்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

லேபில் பாதி நாள் லீவு. ஆலோசகரைப் பார்த்தேன். பெட்டி என்னுடையது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வக்கீலிடம் சொல்லி மனுவைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தேன். வக்கீலுக்குக் கோபம்.

வரும்போது முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல்.

ஜூலை 27, சனி

அக்சாவையும் பெட்டியையும் ஸ்கூட்டியில் வைத்து நானே கொண்டுபோனேன். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். லில்லி கதவைத் திறந்தாள், பிள்ளையைப் பார்த்தாள், அப்படியே கீழே உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். மதிலில் இருந்த செம்பருத்தியை வெட்டிவிட்டார்கள்.

"அக்கா, உள்ள வாங்க."

"நேரமாச்சு."

"வாம்மா" என்று அக்சா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

போனேன். ஜெயசீலன் கடைக்குப் போயிருந்தார். கூடம் அதேதான், நாற்காலி மட்டும் இடம் மாறியிருந்தது. லில்லி காபி கொண்டுவந்தாள். சர்க்கரை கம்மி. எனக்கு அப்படித்தான் வேண்டும் என்று யார் சொன்னார்களோ.

பெட்டியை மாட்டி அக்சா கடைசிக் கதவு வரைக்கும் ஆடினாள். ஈட்டிக்காரன் நின்றான்.

"இவனுக்கு வழி கெடையாது. நான் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். கொன்னாத்தான் கதவு தொறக்கும்" என்றேன்.

"அப்ப நீங்க உள்ள போயிருக்கீங்களாக்கா?"

அக்சா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீ அந்தத் தங்கச்சியப் பாத்திருக்கியாம்மா?"

கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

"பாத்திருக்கேன். கதவு தொறந்ததும் வெளிய வருவா. மஞ்சச்சட்டை அவ கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுவான். வாணவேடிக்கை விடுவாங்க. அவ்வளவுதான்."

"அவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா."

அக்சா ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ வெளிய வரணும்னு நெனச்சாளான்னு யாராவது கேட்டாங்களா? உள்ள இருக்கவங்களும் கேக்கல, இவனும் கேக்கல. அவளுக்காகன்னு சொல்லித்தான எல்லாரையும் குத்துதான்."

லில்லி என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அதைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கு எப்படிட்டி வேணும்? நீயே சொல்லு. சனி, ஞாயிறு இங்க வாரது. நாங்க யாரும் கோவப்பட மாட்டோம்" என்றேன்.

ரொம்ப யோசித்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரட்டா? வாராவாரம் பையத் தூக்கிட்டு வரதுக்கு அலுப்பா இருக்கு. நடுவுல உள்ள வாரம் எங்கயும் போகாம அம்மாகூட வீட்டுல சும்மா கெடக்கணும். இங்க வார வாரம் மட்டும் நல்லா ஆடுவோம், லில்லிம்மா."

லில்லி சிரித்தாள். "சரி மக்கா, ஒனக்கு எப்படி வேணுமோ அப்படி" என்றாள். ஆனால் முகம் விழுந்துவிட்டது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் உடனே திரும்பி வரவில்லை. குழாய் திறந்த சத்தம் கேட்டது, டம்ளர் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அவள் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். கண்ணைக் கழுவியிருந்தாள். ஸ்கூட்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. அணைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமை அவ என் வீட்டுலதான் இருப்பா. நீ வேணும்னா வா" என்றேன்.

"வரட்டாக்கா?"

"காபிக்குச் சர்க்கர எவ்வளவு போடுவ?"

"ரெண்டு கரண்டி."

எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை. வரும் வழியில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கினேன்.